போர் தொடங்கியது எந்தத் தேதியில்?

1998ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன்பு பட்மே என்ற பெயரை ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக்கு வெளியே அறிந்தவர்கள் மிகச் சொற்பம். எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் சந்திக்கும் வறண்ட சமவெளியில் இருக்கும் சிற்றூர் அது. எண்ணெய்க் கிணறு இல்லை, துறைமுகம் இல்லை, ரயில் பாதை இல்லை. மழையை நம்பி விதைத்தும் ஆடுமாடு மேய்த்தும் பிழைக்கிற மக்கள். அந்த ஊரை முன்னிட்டு மூண்ட போர் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அதில் இறந்தவர்கள் 70,000 பேர் முதல் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. முதல் உலகப் போரைப் போல அகழி வெட்டி, முள்வேலி இட்டு, கண்ணிவெடி புதைத்து, அலை அலையாகக் காலாட்படையை அனுப்பி நடந்த போர் அது.

ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதியபோது, ஒரு சீப்புக்காகச் சண்டையிடும் இரண்டு வழுக்கைத் தலையர்கள் என்று எழுத்தாளர் போர்ஹெஸ் சொன்னதாகச் சொல்வார்கள். பட்மே போர் நடந்தபோது வெளிநாட்டு நிருபர்கள் அந்தப் பேச்சை எடுத்து இதற்கும் ஒட்டினார்கள். தொலைவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும். ஆனால் அது நியாயமான பேச்சு அல்ல. எதற்காகச் சண்டை என்ற கேள்விக்கு இரண்டு நாட்டிலும் சாதாரண மனிதர்கள்கூட விரிவான பதில் வைத்திருந்தார்கள். சாட்சிகளும் ஆவணங்களும் காட்டிப் பேசினார்கள். அந்த இரண்டு பதில்களும் ஒரே தேதியில் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

எத்தியோப்பியாவின் கணக்கில் போர் 1998 மே 12ஆம் தேதி விடியற்காலை தொடங்கியது. டாங்கிகளோடும் பீரங்கிகளோடும் எரித்திரியப் படை வந்து, தங்கள் நிர்வாகத்தில் இருந்த பட்மேவையும் சுற்றியிருந்த இடங்களையும் பிடித்துக்கொண்டது. இதற்கு முன் நடந்ததெல்லாம் எல்லையோரத்தில் வழக்கமாக நடக்கும் சில்லறைத் தகராறு.

எரித்திரியாவின் கணக்கில் போர் மே 6ஆம் தேதியே தொடங்கிவிட்டது. பட்மே அருகே ரோந்து போன தங்கள் வீரர்களை எத்தியோப்பியர்கள் சுட்டுக் கொன்றார்கள். இன்னும் அழுத்திக் கேட்டால் அவர்கள் 1997 ஜூலைக்குப் போவார்கள்: அந்த மாதம் பாதா பகுதியில் எத்தியோப்பியப் படை நுழைந்து எரித்திரிய நிர்வாகத்தை வெளியேற்றியது, அடுத்த மாதம் அதிபர் இசையாஸ் அஃப்வெர்கி எத்தியோப்பியப் பிரதமர் மெலஸ் ஜெனாவிக்குக் கடிதம் எழுதினார், பயன் இல்லை. அதற்கும் பின்னால் போனால் 1902. இத்தாலியும் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கும் செய்துகொண்ட எல்லை உடன்படிக்கை. குனாமா இனத்தவர் எரித்திரியாவின் பக்கம் வரும்படி எல்லை அமைய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பட்மே எங்களுடையது, பிறர் வைத்திருந்ததை மீட்டோம் என்பது அவர்கள் வாதம்.

இரண்டு பக்கமும் சொன்ன நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நடந்தவைதான். யாரும் மொத்தமாகப் பொய் சொல்லவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து புத்தகத்தைத் திறப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

இந்த இரு அரசுகளும் அந்நியர்களாக இருந்து மோதியிருந்தால் கதை வேறு. இவர்கள் பழைய தோழர்கள். எரித்திரியா 1890 முதல் இத்தாலியின் காலனி, 1941இல் பிரிட்டன் கைக்கு வந்தது, 1952இல் ஐ.நா. முடிவின்படி எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைக்கப்பட்டது. 1962இல் பேரரசர் ஹைலே செலாசி கூட்டாட்சியைக் கலைத்து அதை எத்தியோப்பியாவின் ஒரு மாகாணமாக ஆக்கிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்த ஆயுதப் போராட்டம் 30 ஆண்டுகள் நடந்தது. அந்தப் போராட்டத்தில் எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணியும், எல்லைக்குத் தெற்கே டிக்ரே மாகாணத்தில் உருவான டிக்ரே மக்கள் விடுதலை முன்னணியும் ஒரே எதிரியை எதிர்த்தன. இரு பக்கத்துத் தலைவர்களும் பேசியது பெரும்பாலும் ஒரே டிக்ரின்யா மொழி. 1991 மே 24 அன்று எரித்திரிய முன்னணியினர் தங்கள் தலைநகர் அஸ்மாராவுக்குள் நுழைந்தார்கள்; நான்கு நாள் கழித்து டிக்ரே முன்னணியினர் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குள் நுழைந்தார்கள். 1993இல் எரித்திரியாவில் நடந்த பொது வாக்கெடுப்பில் 99.8 விழுக்காட்டினர் தனிநாட்டுக்கு வாக்களித்தபோது, அதை முதலில் வரவேற்றவர்களில் மெலஸும் ஒருவர்.

ஆனால் தோழமைக்குள்ளேயே ஒரு பழைய புண் இருந்தது. 1985இல், கொடிய பஞ்சத்தின் நடுவே, இரு இயக்கங்களுக்கும் பிணக்கு வந்தபோது, சூடானிலிருந்து டிக்ரேக்கு உணவு போன பாதையை எரித்திரிய முன்னணி மூடிவிட்டது. சித்தாந்தச் சண்டை என்று இயக்க வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். டிக்ரேயில் அந்த ஆண்டைத் தாண்டி வந்தவர்களுக்கு அது வேறு ஒன்று. பிற்பாடு ஒட்டிக்கொண்டார்கள், சேர்ந்து வென்றார்கள்; யாரும் அதை வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்ளவில்லை. எல்லையையும் தீர்த்துக்கொள்ளவில்லை. நமக்குள் எதற்கு வேலி என்ற நம்பிக்கையில் அதுவும் அப்படியே கிடந்தது.

பிறகு பணம் வந்தது. 1997 நவம்பரில் எரித்திரியா எத்தியோப்பியாவின் பிர்ரை விட்டுவிட்டு நக்ஃபா என்ற சொந்த நாணயத்தை வெளியிட்டது. இரண்டும் சமமாகச் செல்லும் என்று அஸ்மாரா எதிர்பார்த்தது. வணிகத்தை இனி டாலரில் வைத்துக்கொள்ளலாம் என்றது அடிஸ் அபாபா. எரித்திரியாவின் அசாப் துறைமுகத்தில் யார் எவ்வளவு கட்டணம் கொடுப்பது என்ற பேச்சும் கசந்தது. டிக்ரே மாநில நிர்வாகம் அச்சிட்ட ஒரு வரைபடத்தில், எரித்திரியா தன்னுடையதாகக் கருதிய இடங்கள் டிக்ரேக்குள் இருந்தன. ஆறே மாதத்தில் பட்மே.

மே 6ஆம் தேதி மோதல் நடந்த இரண்டாம் நாள், எல்லைப் பிரச்சினையைப் பேச எரித்திரியாவின் பாதுகாப்பு அமைச்சர் தலைமையில் ஒரு குழு அடிஸ் அபாபாவில்தான் இருந்தது. கூட்டுக் குழுக் கூட்டமும் நடந்தது. அந்தக் குழு ஊர் திரும்பிச் சில நாளில் டாங்கிகள் நகர்ந்தன. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே முதுகில் குத்தினார்கள் என்பது எத்தியோப்பியப் பேச்சு. எங்கள் ஆட்கள் செத்துக் கிடக்கும்போது பேச்சு என்ற பெயரில் காலம் கடத்தினார்கள் என்பது எரித்திரியப் பேச்சு. மே 13 அன்று எத்தியோப்பிய அரசு, படைகள் வெளியேற வேண்டும், இல்லையேல் தற்காத்துக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது. போர்ப் பிரகடனம் செய்தது அவர்கள்தான் என்று அந்த அறிக்கையையே எரித்திரியா சான்றாகக் காட்டியது.

ஜூன் 5ஆம் தேதிக்கும் இதே கதி. அன்று எத்தியோப்பிய விமானங்கள் அஸ்மாரா விமான நிலையத்தைத் தாக்கின. எரித்திரிய விமானங்கள் டிக்ரேயின் தலைநகர் மெக்கெலேயைத் தாக்கின. யார் முதலில் என்பதில் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் கை காட்டின. மெக்கெலேயின் அய்டர் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் மீதும் சுற்றிலும் கொத்துக்குண்டுகள் விழுந்து 50க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அவர்களில் பள்ளிக் குழந்தைகளும் இருந்தார்கள். முதல் விமானம் எந்த நாட்டுடையது என்ற விவாதம் அந்தக் குழந்தைகளுக்குச் செய்தது எதுவுமில்லை. ஆனாலும் இரு நாட்டு வானொலிகளும் அந்த விவாதத்தைத்தான் மாதக்கணக்கில் நடத்தின.

மக்களும் கணக்கில் வந்தார்கள். எத்தியோப்பியாவில் பிறந்து வளர்ந்து, அங்கேயே கடை வைத்து, வேலை பார்த்து வாழ்ந்த எரித்திரிய வம்சாவளியினர் சுமார் 75,000 பேர் போர்க் காலத்தில் நாடு கடத்தப்பட்டார்கள். எரித்திரிய வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் எரித்திரியக் குடிமக்களே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1993இல் சகோதர வாழ்த்தோடு நடந்த வாக்கெடுப்பு, 1998இல் குற்றச்சாட்டு ஆகிவிட்டது. எரித்திரியாவில் இருந்த எத்தியோப்பியர்களும் ஆயிரக்கணக்கில் வேலையும் வீடும் இழந்து எல்லை தாண்ட நேர்ந்தது. இந்தப் பக்கம் வந்தவர்களின் துயரம் அந்தப் பக்கத்துச் செய்தித்தாளில் வரவில்லை. அந்தப் பக்கம் போனவர்களுடையது இந்தப் பக்கத்தில் வரவில்லை.

அமெரிக்காவும் ருவாண்டாவும் சேர்ந்து ஒரு சமாதானத் திட்டம் கொண்டுவந்தன: மே 6க்கு முன்பிருந்த இடங்களுக்கு எரித்திரியா திரும்ப வேண்டும், பிறகு எல்லையை வரையலாம். எத்தியோப்பியா ஏற்றது. எரித்திரியா மறுத்தது. 1999 பிப்ரவரியில் எத்தியோப்பியப் படை பட்மேவைத் திரும்பப் பிடித்ததும், ஏறத்தாழ அதே மாதிரியான ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் திட்டத்தை எரித்திரியா ஏற்றுக்கொண்டது. இப்போது தயங்கியது எத்தியோப்பியா. 2000 மே மாதம் அது எல்லை தாண்டி மேற்கே பரெந்து வரை ஊடுருவித் தாக்கியது. ஆக, போரைத் தொடங்கியது யார் என்ற கேள்வியோடு நிறுத்த முடியாது. நிறுத்தக்கூடிய நேரத்தில் நிறுத்தாதவர் யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் கேள்வியை எத்தியோப்பியா விரும்பியது. இரண்டாவதை எரித்திரியா விரும்பியது.

2000 டிசம்பர் 12இல் அல்ஜியர்ஸில் கையெழுத்தான ஒப்பந்தம் உண்மையிலேயே சிந்தித்து எழுதப்பட்டது. வெறுமனே துப்பாக்கியைக் கீழே போடச் சொல்லாமல், மூன்று தனித்தனிக் கேள்விகளை மூன்று தனித்தனி அமைப்புகளிடம் கொடுத்தது. எல்லை எங்கே? அதை ஓர் எல்லை ஆணையம் சொல்லும். யாருக்கு யார் இழப்பீடு தர வேண்டும்? அதை ஒரு கோரிக்கை ஆணையம் சொல்லும். இந்தச் சண்டை எப்படித்தான் வந்தது? 1998 மே 6 நிகழ்ச்சியையும், அதற்கு முந்தைய 1997 ஜூலை, ஆகஸ்ட் நிகழ்ச்சிகளையும் ஒரு சுதந்திரமான குழு விசாரித்துச் சொல்லும். அது ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு.

முதல் இரண்டு ஆணையங்களும் ஹேக் நகரில் இயங்கின. மூன்றாவது குழு அமைக்கப்படவே இல்லை.

எல்லை ஆணையத்தின் தலைவர் பிரிட்டிஷ் சட்ட அறிஞர் எலிஹு லாட்டர்பாக்ட். 2002 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வந்தது. பட்மே எந்தப் பக்கம் என்று அதில் வெளிப்படையாக எழுதப்படவில்லை; ஆயத்தொலைகள் மட்டும் இருந்தன. அன்று நடந்தது இந்தக் கதையின் மையமான காட்சி. எத்தியோப்பிய வெளியுறவு அமைச்சர் சேயூம் மெஸ்ஃபின், பட்மே நமக்கே என்று அறிவித்தார். நாடு கொண்டாடியது. எரித்திரியாவும் வெற்றி தனக்கே என்றது. ஒரே தீர்ப்பு, இரண்டு தலைநகரங்களில் மகிழ்ச்சி. ஆயத்தொலைகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தவர்களுக்கு விரைவிலேயே புரிந்தது, அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆணையமும் உறுதிசெய்தது: பட்மே எரித்திரியாவுக்குள் இருக்கிறது. 1902 உடன்படிக்கையைத்தான் ஆணையம் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. பட்மேயைத் தாங்கள்தான் நிர்வகித்துவந்தோம் என்பதற்கு எத்தியோப்பியா கொடுத்த சான்றுகள் அந்தக் கோட்டை நகர்த்தப் போதவில்லை.

மெலஸ் 2003 செப்டம்பரில் ஐ.நா.வுக்கு எழுதிய கடிதத்தில் அந்த முடிவைச் சட்டவிரோதம், அநீதி, பொறுப்பற்றது என்று சாடினார். இறுதித் தீர்ப்பாக ஏற்றுக்கொள்வோம் என்று அவர் அரசே கையெழுத்திட்டிருந்த ஆணையம் அது.

கோரிக்கை ஆணையத்தின் தலைவர் பெல்ஜியத்தின் ஹான்ஸ் வான் ஹௌட்டெ. 2005 டிசம்பர் 19 அன்று இந்த ஆணையம் தன் தீர்ப்பைச் சொன்னது. மே 6, 7 தேதிகளில் நடந்தவை, குறி நடப்படாத, தகராறுக்குரிய எல்லையில் சிறு ரோந்துக் குழுக்களுக்கு இடையே நடந்த மோதல்கள். அவற்றை ஒரு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதல் என்று சொல்ல முடியாது. ஆகவே எரித்திரியா தற்காப்பு உரிமை கோர முடியாது. மே 12 அன்று காலை ஐந்தரை மணி அளவில் குறைந்தது இரண்டு படையணிகள் டாங்கிகளோடு போய்த் தாக்கியது ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவுக்கு எதிரானது. எத்தியோப்பியாவின் மே 13 அறிக்கை போர்ப் பிரகடனமும் அல்ல.

அப்படியானால் பட்மே எரித்திரியாவுக்கே உரியது என்று முன்பே தீர்ப்பு வந்ததே, தன் நிலத்தைத் தானே மீட்டது எப்படிக் குற்றமாகும்? எரித்திரியா கேட்டது இதைத்தான். ஆணையத்தின் பதில், பன்னாட்டுச் சட்டத்தின் மிக முக்கியமான கொள்கைகளில் ஒன்று. நிலத் தகராறைத் தீர்க்கத் தற்காப்பு உரிமையைப் பயன்படுத்த முடியாது. ஓர் இடம் அண்டை நாட்டின் அமைதியான நிர்வாகத்தில் இருக்கும்போது, அது தனக்கே உரியது என்று ஒரு நாடு நம்பினாலும் படை அனுப்பி எடுக்கக் கூடாது. உலகத்தில் பாதி எல்லைகளில் யாரோ ஒருவர் இது எங்களுடையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் டாங்கி அனுப்ப உரிமை உண்டு என்றால் எந்த எல்லையும் மிஞ்சாது.

சட்டம் எடுத்த முடிவு சரி. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பட்மே எரித்திரியாவுடையது. படையெடுத்தது எரித்திரியாவின் குற்றம். இரண்டும் உண்மை. அஸ்மாரா முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கண்டுகொள்ளவில்லை. அடிஸ் அபாபா இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதைக் கண்டுகொள்ளவில்லை. 2009 ஆகஸ்டில் இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்பட்டபோதும் அப்படித்தான். எரித்திரியாவுக்கு ஏறத்தாழ 16.3 கோடி டாலர், எத்தியோப்பியாவுக்கு 17.4 கோடி டாலர். ஒன்றை ஒன்றில் கழித்தால் மிஞ்சுவது ஒரு கோடி டாலர் அளவு. போர்க் கைதிகளை நடத்திய விதம், பொதுமக்களை வெளியேற்றியது, அய்டர் குண்டுவீச்சு என்று இரு நாடுகளின் தவறுகளையும் ஆணையம் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருந்தது. அதைப் பள்ளிப் பாடமாக வைத்திருந்தால் இரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டிருக்கும்.

இப்படிப் பிய்த்து எடுத்துக்கொள்வது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடந்த ஐந்து நாள் போரை ஐரோப்பிய ஒன்றியம் சுவிட்சர்லாந்தின் தூதர் ஹைடி டாலியாவினி தலைமையில் விசாரித்தது. 2009 செப்டம்பரில் அறிக்கை வந்தது. ஆகஸ்ட் 7 நள்ளிரவு நெருங்கும்போது ஜார்ஜியா ட்ஸ்கின்வாலி நகரத்தின் மீது நடத்திய பீரங்கித் தாக்குதலில் வெளிப்படையான போர் தொடங்கியது, அதற்குச் சட்ட நியாயம் இல்லை என்றது அறிக்கை. ரஷ்யா பல ஆண்டுகளாக அந்தப் பகுதி மக்களுக்குக் கடவுச்சீட்டு வழங்கித் தூண்டிவந்தது, அதன் பதிலடி தற்காப்பின் எல்லையைப் பெரிதும் மீறியது என்றும் சொன்னது. அன்று மாலையே மாஸ்கோவும் திபிலிசியும் அறிக்கை தங்களை மெய்ப்பித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டன.

ஈரான், ஈராக் போரில் தேதித் தகராறு இதைவிடக் கூர்மையானது. ஈரானைக் கேட்டால் போர் தொடங்கியது 1980 செப்டம்பர் 22, ஈராக்கின் விமானங்களும் தரைப்படையும் நுழைந்த நாள். சதாம் உசேனின் ஈராக் அதை ஒருபோதும் ஏற்கவில்லை. செப்டம்பர் 4 அன்று ஈரான் எங்கள் எல்லை ஊர்களைப் பீரங்கியால் தாக்கியதே தொடக்கம் என்றது. இடையில் பதினெட்டு நாள். அதற்குப் பின் எட்டு ஆண்டுப் போர். போரை முடித்த ஐ.நா. தீர்மானம் 598இன் 6ஆம் பத்தி, பொறுப்பு யாருடையது என்று விசாரிக்க ஒரு நடுநிலைக் குழுவை அமைக்கும் வாய்ப்பை ஆராயச் சொன்னது. ஈரான் மிகவும் வேண்டிப் பெற்ற பத்தி அது. 1991 டிசம்பரில், தன் பதவிக்காலம் முடியும் தறுவாயில், பொதுச் செயலாளர் பெரெஸ் டி குவெய்யார் ஈராக்கின் படையெடுப்புக்கு நியாயம் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். முடிவு சரிதான். ஆனால் ஈராக் குவைத்தில் தோற்று உலகத்தால் ஒதுக்கப்பட்ட பிறகே அது வாய் திறந்து சொல்லப்பட்டது. செப்டம்பர் 22 படையெடுப்பு 1980இலேயே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று பாதுகாப்பு அவை படைகள் பின்வாங்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஈரானியர்கள் அந்த அவமதிப்பை இன்றும் மறக்கவில்லை.

எத்தியோப்பியா, எரித்திரியா கதையில் வெளியாருக்கு அதிகம் தெரியாத பகுதி உள்நாட்டில் நடந்தது. குற்றம் முழுக்க எதிரியுடையது என்ற கதை எல்லைக்கு அப்பால் இருப்பவர்களை நோக்கிச் சொல்லப்படுவதுபோல் இருக்கும். அதன் முழுப் பாரமும் விழுவது சொந்த நாட்டில் கேள்வி கேட்பவர்கள் மீது. 2001இல் எரித்திரியாவின் ஆளும் கட்சியைச் சேர்ந்த 15 மூத்த தலைவர்கள் வெளிப்படையான கடிதம் எழுதி, சீர்திருத்தமும் விவாதமும் வேண்டும் என்றார்கள். செப்டம்பர் 18 அன்று அவர்களில் 11 பேர் கைது செய்யப்பட்டார்கள். தனியார் பத்திரிகைகள் அத்தனையும் அதே நாட்களில் மூடப்பட்டன. கைதானவர்களில் ஒருவர் ஹைலே வொல்தென்சாயே. போர் நடந்தபோது எரித்திரியாவின் வெளியுறவு அமைச்சராக இருந்து நாட்டின் வாதத்தை உலகத்துக்குச் சொன்னவர். இவர்கள் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடக்கவில்லை. எல்லை இன்னும் ஆக்கிரமிப்பில் இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி, சட்டப்படி 18 மாதமாக இருந்த கட்டாய தேசியப் பணி முடிவே இல்லாததாக ஆக்கப்பட்டது. அதிலிருந்து தப்ப சூடான் பாலைவனத்தையும் மத்தியதரைக் கடலையும் கடந்து ஓடிய இளைஞர்கள் லட்சக்கணக்கில்.

எத்தியோப்பியாவிலும் அதே ஆண்டு டிக்ரே முன்னணி பிளந்தது. வென்றுகொண்டிருந்தபோது போரை நிறுத்தியது துரோகம் என்றவர்களை மெலஸ் கட்சியிலிருந்து வெளியேற்றினார். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் சியே ஆப்ரஹா ஊழல் வழக்கில் ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்தார். அதன் பிறகு பட்மேயை விட்டுக்கொடுக்கலாம் என்று சொல்ல அங்கே எந்த அரசியல்வாதிக்கும் துணிவு வரவில்லை.

எல்லையில் 25 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பாதுகாப்பு வளையம் அமைத்து, முழுக்க எரித்திரிய மண்ணில், ஐ.நா. படை காவல் நின்றது. இந்தியப் படைப்பிரிவும் அதில் பணியாற்றியது. தீர்ப்பை நிறைவேற்ற முடியாமல், எரித்திரியா விதித்த கட்டுப்பாடுகளால் எரிபொருள்கூடக் கிடைக்காமல், 2008இல் அந்தப் படை கலைந்தது. எல்லை ஆணையமும் தரையில் கல் நட முடியாததால் காகிதத்திலேயே எல்லையைக் குறித்து முந்தைய ஆண்டு தன் வேலையை முடித்திருந்தது. போரும் இல்லை, சமாதானமும் இல்லை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் காலம், 2002 தீர்ப்பிலிருந்து எண்ணினால், 16 ஆண்டுகள் ஓடியது. அந்த 16 ஆண்டுகளுக்குப் பெரும் பொறுப்பு எத்தியோப்பியாவுடையது. 1998 மே 12க்கு எரித்திரியா பொறுப்பு என்பது எவ்வளவு உறுதியோ, ஒப்புக்கொண்ட தீர்ப்பை நிறைவேற்ற மறுத்ததற்கு எத்தியோப்பியா பொறுப்பு என்பதும் அவ்வளவு உறுதி.

2018இல் அபி அகமது பிரதமரானார். ஜூன் மாதம் அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தை முழுமையாக ஏற்பதாக எத்தியோப்பியா அறிவித்தது. ஜூலையில் அவர் அஸ்மாரா போய் இசையாஸைக் கட்டித் தழுவினார். இருபது ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் பார்க்காத உறவினர்கள் முதல் விமானத்தில் போய் அழுதார்கள். செப்டம்பரில் எல்லைச் சாலைகள் திறந்தன. சில மாதங்களில் மறுபடி மூடின. 2019இல் அபிக்கு நோபல் அமைதிப் பரிசு. பட்மேயில் மட்டும் எதுவும் மாறவில்லை.

2020 நவம்பரில் டிக்ரேயில் போர் மூண்டபோது தேதிச் சண்டை வேறு உருவில் வந்தது. நவம்பர் 3 இரவு டிக்ரே படையினர் கூட்டரசின் வடக்கு ராணுவத் தலைமையகத்தைத் தாக்கியதே தொடக்கம் என்றது அபி அரசு. கூட்டரசும் எரித்திரியாவும் சேர்ந்து தாக்கத் திட்டமிட்டிருந்ததைத் தடுக்கவே முந்திக்கொண்டோம் என்றார்கள் டிக்ரே தலைவர்கள். எரித்திரியப் படை எல்லை தாண்டி வந்து போரில் கலந்துகொண்டது. முதலில் மறுத்த அபி 2021 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். பட்மேவும் அப்போது எரித்திரியாவின் கைக்குப் போனது. 2002இல் பட்மே நமக்கே என்று அறிவித்த சேயூம் மெஸ்ஃபின், 2021 ஜனவரியில் டிக்ரேயில் எத்தியோப்பியப் படையினரால் கொல்லப்பட்டார். அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளியுறவு அமைச்சராக இருந்து காத்த நாட்டின் படை அது; அப்போது அதன் கூட்டாளி எரித்திரியா.

2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் அந்தப் போர் முடிந்தது. எரித்திரியா அந்தப் பேச்சுவார்த்தையில் இல்லை. 2023 அக்டோபரில் அபி, செங்கடலுக்கு வழி கிடைப்பது எத்தியோப்பியாவின் வாழ்வுப் பிரச்சினை என்று பேசினார். அஸ்மாராவில் அந்தப் பேச்சை அசாப் துறைமுகத்தை மனத்தில் வைத்த பேச்சாகவே கேட்டார்கள். அன்றுமுதல் இரு நாடுகளும் திரும்பவும் பழைய வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருக்கின்றன: 1952, 1962, 1993.

1998 மே மாதத்தில் முடிவெடுத்தவர்களில் மெலஸ் 2012இல் இறந்துவிட்டார். சேயூம் இல்லை. ஹைலே வொல்தென்சாயே சிறைக்குப் போனவர் போனவர்தான். இசையாஸ் அதிகாரத்தில் தொடர்கிறார். மே 6 அன்று பட்மே அருகே ரோந்து போன குழுக்களில் இருந்தவர்கள், மெக்கெலேயில் அந்த மதியம் வகுப்பில் இருந்தவர்கள், பேருந்தில் ஏற்றி எல்லையில் இறக்கிவிடப்பட்டவர்கள் என்று சொல்வதற்கு உரிமை உள்ள பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சண்டை எப்படி வந்தது என்பதை இரு தரப்பையும் கேட்டுத் தொகுத்திருக்க வேண்டிய குழுவைப் பற்றி அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. 2018இல் எத்தியோப்பியா முழுமையாக ஏற்பதாகச் சொன்ன ஒப்பந்தமும் அதுவே. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் இடத்தில் இன்று ஆப்பிரிக்க ஒன்றியம் இருக்கிறது, அதன் தலைமையகம் அடிஸ் அபாபாவிலேயே இருக்கிறது. அந்தக் குழுவை அமைக்கச் சொல்லி அதனிடம் யாராவது கேட்க வேண்டும். அடுத்த துப்பாக்கிச் சூட்டுக்கு முன்பாகவே கேட்க வேண்டும்.